ரெண்டு மாடலும் ஒரு மருமகளும்

17

போன வாரம் அஸ்பியாவை எங்கே விட்டோம்? கையில் போனோடு மாமனார் முன்னால் நின்றாளே, அங்கேதான். ஒரு வாரமாக அவள் அப்படியே நிற்கிறாளே என்று எனக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இந்த வாரமும் அவளை உட்கார வைக்க முடியும் என்று தோன்றவில்லை.

சென்னையில் ஒரு தனியார் வானிலை நிறுவனம். காற்றாலைக்காரர்களுக்கும் சோலார்காரர்களுக்கும் நாளைக்குக் காற்று எப்படி, மேகம் எப்படி என்று சொல்லும் வேலை. வியாழக்கிழமை காலையில் நேரில் வந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று அஸ்பியாவிடம் சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டு மாமனார் ஜாபர் அலி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு அழுதிருக்கலாம், மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறித் தாய் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தாராளமா போயிட்டு வாம்மா. யாரு வேணாங்கிறா? வியாழக்கெழம மழை இல்லேன்னு மட்டும் உன் வாயால சொல்லிட்டுப் போ. மழைன்னா சரக்க எடுத்து வெக்க வூட்டு ஆளு அத்தினி பேரும் வேணும். உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் கொடுமை.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஜாபர் அலிக்கு ஒரு சின்ன யூனிட். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல் விளக்கு அச்சில் அடித்து, பலகை பலகையாக முற்றத்தில் காய வைத்து, அப்புறம் சூளையில் அடுக்குவார்கள். சூளைக்குள் போகும்வரை அது வெறும் மண்தான். நாலு தூறல் பட்டால் பழையபடி சேறாகிவிடும்.

கல்யாணமாகி வந்த புதிதில், இயற்பியல் படித்த இந்த மருமகள் போனில் எதையோ பார்த்துவிட்டு, "மாமா, சாயந்திரம் மழை வரும், எடுத்துடலாம்" என்றாள். எடுத்தார்கள். வந்தது. பக்கத்து யூனிட்டுகளில் எடுக்கவில்லை, அங்கே என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து பேட்டை முழுக்க, காலையில் வாட்ஸ்அப்பில் அஸ்பியா குரலைக் கேட்டுவிட்டுத்தான் பலகையைத் தொடுகிறார்கள்.

அவள் சரியாகச் சொல்லச் சொல்ல, அவளை ஒரு நாள்கூட விட யாருக்கும் மனம் வரவில்லை. தாய் வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றால்கூட, "இப்ப வேணாம்மா, மேகமா இருக்குது" என்பார் மாமனார். மேகம் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னதே அவள்தான்.

கணவன் இஃப்திகார் சவுதியில், தம்மாமில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான்.

புதன்கிழமை விடிந்தது.

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வானத்தை நம்பவே முடியாது. மேற்குக் காற்று போயிருக்காது, கிழக்குக் காற்று வந்திருக்காது. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயந்திரமானால் கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டும். அது வேப்பூரில் கொட்டுமா, நல்லூரில் கொட்டுமா, நம் தலையில் கொட்டுமா என்பது அதன் இஷ்டம்.

விடியற்காலை பஜர் தொழுகையும் மற்ற வேலைகளும் முடித்து, எட்டு மணி வாக்கில் அஸ்பியா அடுப்படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மாமியார் ஜைத்தூன் பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா சொல்றாங்க உன் ஆளுங்க ரெண்டு பேரும்?"

ஆளுங்கள் என்றால் இரண்டு கம்ப்யூட்டர் மாடல்கள். ஒன்று ஐரோப்பா, ஒன்று அமெரிக்கா. காற்றையும் ஈரத்தையும் கணக்குப் போட்டு, எங்கே எப்போது மழை என்று படம் வரைந்து காட்டுபவை. இந்த வீட்டில் அவை சம்பந்தி மாதிரி ஆகிவிட்டன. ஐரோப்பாக்காரர் நிதானமானவர், அமெரிக்காக்காரர் எதற்கெடுத்தாலும் பதறுபவர் என்பது ஜைத்தூன் பீவியின் முடிவு.

"இன்னிக்கு ரெண்டு பேரும் ஒத்துப் போறாங்க மாமி. அஸர் நேரத்துக்கு, நாலு மணி வாக்குல மழை."

"நாளைக்கு?"

அஸ்பியா ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து, உரிக்காமல் வைத்துக்கொண்டாள்.

"ஐரோப்பாக்காரரு வெயிலுங்கிறாரு. அமெரிக்காக்காரரு நல்ல மழைங்கிறாரு."

"உனக்கு எவரு சொல்றது வேணும்?"

"எனக்கு எது வேணுங்கிறதா மாமி கணக்கு?"

"இல்லியா பின்ன?" என்றார் ஜைத்தூன் பீவி, தலையைத் தூக்காமல்.

அஸ்பியாவுக்குச் சுருக்கென்றது. நேற்றிலிருந்து அவள் ஐரோப்பாக்காரரை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவைத் தொடவே கை வரவில்லை. அது தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

"ஐரோப்பாக்காரரும் உறுதியா சொல்லல மாமி. ஒரே கணக்க அம்பது தடவ கொஞ்சம் கொஞ்சம் மாத்திப் போட்டுப் பாப்பாங்க. அதுல கிட்டத்தட்ட பாதியில மழைன்னு வருது."

"அப்ப பாதி மழையா?"

"பாதி மழை இல்ல. வந்தா முழுசா வரும். வருமா வராதாங்கிறதுதான் பாதி."

"பொண்ணு பாத்துட்டு, 'வூட்டுக்குப் போயி சொல்லியனுப்புறோம்'னு போவாங்களே, அது மாதிரில்ல இருக்குது."

அஸ்பியா சிரித்துவிட்டாள். அந்த வாரத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான்.

சிரிப்பு அடங்குவதற்குள் கூடத்தில் ஜாபர் அலியின் போன் அடித்தது. இஃப்திகார். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமனார் டீயை உறிஞ்சினார்.

"அத்தா, இன்னிக்கு ஒன்றரை மணிக்கே மழை. நானே ஆப் எறக்கிப் பாத்துட்டேன். நம்ம ஊருதான், விருத்தாசலம்னு போட்டே பாத்தேன்."

"ஒன்றரையா? அஸ்பியா நாலுங்கிறாளே."

"அவ என்னாத்தப் பாத்தாளோ. இதுல என்னா அத்தா பெரிய வேலை இருக்குது? வெரலால தேய்ச்சா மழை தெரியுது. இதுக்குப் போயி மெட்ராஸ்ல ஆபீஸாம், சம்பளமாம்."

சரிதான். பிள்ளையாண்டான் எதற்கு ஆப் இறக்கினான் என்பது உங்களுக்கும் புரிந்திருக்கும். இது யார் வேண்டுமானாலும் பார்க்கிற சங்கதி என்று ஆகிவிட்டால், அதற்காகப் பெண்டாட்டி ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லையே.

அஸ்பியா கூடத்துக்கு வந்தாள். "மச்சான், நானும் பாத்துட்டுத்தான் சொல்றேன். ரெண்டு மாடல்லயும் நாலு மணி."

"என் போன்ல ஒன்றரைன்னு தெளிவா போட்டிருக்குது. நான் என்னா குருடனா? படமே அனுப்புறேன், பாரு."

ஜாபர் அலி இருவரையும் கேட்டார். அப்புறம் தன் பிள்ளை சொன்னதை எடுத்துக்கொண்டார். "முன்னாடி எடுத்து வெச்சா நஷ்டமில்லைம்மா" என்று ஒரு சமாதானமும் சொன்னார். இஃப்திகார் படம் அனுப்பிய சத்தம் அவள் போனில் கேட்டது. ஆத்திரத்தில் அவள் அதைத் திறக்கவில்லை.

உச்சி வெயிலில், விளக்குகள் பாதி காய்ந்திருந்தபோது, ஜாபர் அலி எல்லாப் பலகைகளையும் ஷெட்டுக்குள் ஏற்றச் சொன்னார். ஏற்கெனவே சூளைக்குப் போக வேண்டிய சரக்கு ஷெட்டில் பாதியை அடைத்திருந்தது. யூனிட்டில் வேலை பார்க்கும் அன்னாளும் மற்றப் பெண்களும் பலகையைத் தூக்கித் தூக்கித் தோள் கழன்றுபோனார்கள்.

ஒன்றரை ஆனது. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. இரண்டும் ஆனது. வெயில் இன்னும் ஏறியது. எதிர் யூனிட் பழமலை வாசலில் வந்து நின்று, "பாய், மழை உள்ள பெய்யுதா வெளிய பெய்யுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜாபர் அலிக்கு அது போதும்.

"எடுத்து வெளிய போடு, அன்னாளு. மாடலாம் மாடலு. இன்னிக்கு மழை பொய்யாப் போச்சு. ஒரு நா வெயிலு பாழு."

இந்தச் செய்தி வீட்டுக்கு அன்னாள் மூலமாகத்தான் வந்தது. பலகைகளுக்கு நடுவில் ஒரு நிமிஷம் கிடைத்து அவள் அஸ்பியாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அஸ்பியாம்மா, மொதலாளி மறுபடியும் எல்லாத்தயும் வெளிய போடச் சொல்லிட்டாரு. போட்டுக்கிட்டிருக்கோம். மழை இல்லதானே?"

"இல்ல... தெரியலக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

அஸ்பியாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடி மழை அப்படித்தான். மாடல் சொன்ன இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஊரில் கொட்டிவிட்டுப் போகும். ஒன்றரைக்கு வராதது நாலுக்கு மட்டும் எதற்கு வர வேண்டும்? அப்போதுதான் காலையில் இஃப்திகார் அனுப்பிய படத்தைத் திறந்தாள்.

அதே மாடல். அதே ஊர். அதே மழை, அவள் போனில் பார்த்த அதே அடர்நீலப் பட்டை. நேரம் மட்டும் ஒன்றரை. படத்தின் உச்சியில் அவன் போனின் மணி தெரிந்தது. இங்கே காலை எட்டரைக்கு, டீ நேரத்தில் வந்த படம் அது. அதில் மணி ஆறு.

சவுதி நேரம்.

அந்த ஆப், எந்த ஊர் மழையைக் கேட்டாலும் கேட்பவன் போனில் ஓடுகிற மணியில்தான் காட்டும். தம்மாமில் ஒன்றரை என்றால் விருத்தாசலத்தில் நாலு. அவன் குருடன் இல்லைதான். இரண்டரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே. மழை பொய்க்கவும் இல்லை. அது இன்னும் வரவேயில்லை.

மாடிக்கு ஓடிப் பார்த்தாள். மேற்கே, வெகு தூரத்தில், வெள்ளையாக ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அடி கறுப்பு. மாமனாருக்கு லாரி ஓட்டும் தங்கதுரை அந்நேரம் மேற்கே வேப்பூரில் இருப்பான். அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அங்க எப்படி இருக்குது?"

"இருட்டிக்கிட்டு வருதும்மா. காத்து ஆள அடிச்சுத் தள்ளுது. பரோட்டாக் கடை கூரைத் தகரமே பறந்துருச்சு."

போனை வைத்தாள். மாமனார் எண்ணை எடுத்தாள். எடுத்தவள், விரலை வைக்காமல் நின்றாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அவளும் நின்றாள் என்பதால்.

சும்மா இருந்தால் போதும். மழை வரும். முற்றத்தில் இருப்பது அத்தனையும் கரையும். கரைந்துவிட்டால் நாளைக்குக் காய வைக்கச் சரக்கே இல்லை. நாளைக்கு மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஐரோப்பா, அமெரிக்கா எவரையும் கேட்க வேண்டாம். ராத்திரி ரயில் ஏறலாம். பழியும் அவள்மேல் விழாது. காலையிலேயே நாலு மணி என்று சொல்லிவிட்டாள். கேட்காதது அவர்கள். தப்பாகப் பார்த்தது அவர்கள் பிள்ளை.

அஸ்பியாவுக்கு இது எல்லாம் தோன்றியது. ஒன்று விடாமல் தோன்றியது. தோன்றியதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் வரட்டும்.

வெயிலில் பலகை சுமக்கும் அன்னாளின் குரல் காதிலேயே இருந்தது. மழை இல்லதானே?

மாமனாரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மாடலின்மேல் இருந்த கோபத்தில் போனை மேஜை டிராயரில் போட்டு மூடியிருந்தார். அன்னாளும் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பலகை இருக்கும்போது எப்படி எடுப்பாள்?

"மாமி! செருப்பப் போடுங்க. மழை வருது."

"வெயிலு கொளுத்துதேடி!"

"மாமி, கெளம்புங்க!"

ஆட்டோவில் போகும்போதே காற்று திரும்பிவிட்டது. தொழிற்பேட்டை வாசலில் புழுதி சுழன்றது. அஸ்பியா இறங்கி ஓடினாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு முதல் பலகையைத் தானே தூக்கினாள்.

"மாமா, உள்ள எடுங்க! மழை வேப்பூரத் தாண்டிருச்சு! மச்சான் பாத்தது சவுதி மணி!"

ஜாபர் அலிக்கு விளக்கம் புரிந்ததோ இல்லையோ, மேற்கே பார்த்தார். வெள்ளை மேகம் இப்போது பாதி வானத்தை மூடிக் கறுத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

அடுத்த சில நிமிஷங்கள் ஒரே ஓட்டம். பலகை மாற்றிப் பலகை. ஜைத்தூன் பீவி ஷெட் வாசலில் நின்று வாங்கி வாங்கி உள்ளே தள்ளினார். தெருவைப் பார்த்து அன்னாள் போட்ட கூச்சலில் பழமலையும் அவருடைய ஆட்களும் அங்கே ஓட ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையை எடுக்கும்போது முதல் துளி அஸ்பியாவின் புறங்கையில் விழுந்தது. பெரிய துளி. பின்னாலேயே எல்லாமும் விழுந்தது.

இரண்டு பலகை மட்டும் வெளியே நின்றுவிட்டது. எல்லோரும் ஷெட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்த விளக்குகள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டி, பலகை விளிம்பு வழியாக மண்ணாக ஒழுகின.

ஜாபர் அலி மூச்சு வாங்க ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்த இரண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மருமகளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, அவருக்கு அது தெரியாது.

"அல்லா உன்ன நல்லா வெப்பான்மா. என் புள்ளப் பேச்சக் கேட்டு இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்பேன்."

"சரி மாமா. உடுங்க."

"உடுறதா? உன்ன நான் எங்கயும் உட மாட்டேன். நீ இல்லாம இனிமே இங்க ஒரு பலகையும் வெளிய போவாது. அன்னாளு, கேட்டுக்கோ, எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த யூனிட்டு இனிமே என் மருமவளுதுதான்."

பெண்கள் சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். பழமலை மழையில் நனைந்தபடி ஓடி வந்து, "எங்க சரக்கும் தப்பிச்சுது பாய், உங்க மருமவப் பொண்ணு புண்ணியம்" என்றார்.

அஸ்பியா ஒதுங்கி நிற்கப் பார்த்தாள். ஷெட்டில் இடமில்லை. முன்னால் பலகை, பின்னால் பலகை, வெளியே மழை, சுற்றிலும் அவளைப் பார்த்துச் சிரிக்கும் முகங்கள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டினால் எதிர்த்துப் பேசலாம். இத்தனை அன்பை எதிர்த்து என்ன பேசுவது?

பேசித்தான் ஆக வேண்டும். இப்போது விட்டால் இனி இல்லை.

"மாமா. மழை இல்லேன்னா போவலாம்னு சொன்னீங்க."

சிரிப்பு நின்றது.

ஜாபர் அலி துண்டால் முகத்தைத் துடைத்தார். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை அவர். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சொன்னேன். இல்லேங்கல. சொல்லு, நாளைக்கு மழை உண்டா, இல்லியா? அம்பது, பாதின்னுல்லாம் எனக்கு வேணாம். உண்டு, இல்ல. ஒரு வார்த்த."

போன் அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. மத்தியானம் ஐரோப்பாக்காரரின் புதுக் கணக்கு வந்திருக்கும். அமெரிக்காக்காரர் கணக்கும் இந்நேரம் வர ஆரம்பித்திருக்கும். காலையில் பாதி என்றது இப்போது என்ன ஆகியிருக்கிறதோ. திறந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்த்துவிட்டால், அதில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு அவளைத் தெரியும்.

"இல்ல மாமா" என்றாள். "நாளைக்கு மழை இல்ல."

அன்னாள் முகம் மலர்ந்துவிட்டது. ஜாபர் அலி ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் எழுந்தார்.

"அப்ப சரி. போயிட்டு வா." திரும்பி உரக்கச் சொன்னார்: "அன்னாளு! விடிஞ்சதும் ஷெட்டக் காலி பண்ணி அத்தினியும் வெளிய போட்டுடு. தார்ப்பாய் வேணாம், காத்து படணும். பழமல, நீங்களும் போட்டுடுங்க. பேட்டையில எல்லாருக்கும் சொல்லிடுங்க. என் மருமவ சொல்லிட்டா."

பழமலை அப்போதே போனை எடுத்துவிட்டார். இங்கிருந்து அடுத்த யூனிட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை மழைக்கு நடுவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவள் வாயைத் திறந்தாள். திறந்தவள், போன் இருந்த முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் பாலக்கரை தாண்டியதும் ஜைத்தூன் பீவி மருமகளின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பையில உன் நல்ல சல்வார ரெண்டும் எடுத்து வெக்கிறேன். ரயிலுக்குக் கட்டுச்சோறும் கட்டித் தரேன்."

"சரி மாமி."

"ஏம்மா அஸ்பியா."

"என்னா மாமி?"

"எப்பவும் போனப் பாத்துட்டுத்தானே சொல்லுவ? இன்னிக்கு நீ அத எடுக்கவே இல்லியே?"